நோரா ராட்டியின் முன் இருந்த மூன்று களங்கள்: கல்லூரி, ஆண்கள் லீக், பெண்கள் லீக்

2014 பிப்ரவரியில் சோச்சி ஒலிம்பிக் காலிறுதியில் பின்லாந்துப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி சுவீடனிடம் 2-4 எனத் தோற்ற பிறகு, கோல்கீப்பர் நோரா ராட்டி, பெண்களுக்கு முறையான தொழில்முறை லீக் அமையாதவரை இனி ஆண்களோடுதான் ஆடப்போவதாக அறிவித்தார். 16 வயதிலேயே 2006 தூரின் ஒலிம்பிக்கில் ஆடி, 2010 வான்கூவரில் வெண்கலம் வென்றிருந்த அவருக்கு அப்போது வயது 24 மட்டுமே. அந்த முடிவு சரியா என்பதை, அவர் ஆடிய களங்களை அருகருகே வைத்துத்தான் எடைபோட முடியும்.

முதல் களம் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம். 2012, 2013 என அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டங்கள்; அதிலும் 2012-13 பருவத்தில் அணி ஆடிய 41 ஆட்டங்களிலும் வெற்றி. பயிற்சி வசதியிலும் பயிற்றுநர்களின் தரத்திலும் இதற்கு ஈடான இடம் ஐரோப்பியப் பெண்களுக்கு அன்று கிடைக்கவில்லை. ஆனால் பக் எனப்படும் ரப்பர் வட்டை எப்போதும் தன்வசம் வைத்திருக்கும் பலமான அணியில் கோல்கீப்பருக்கு வேலை குறைவு. அவருடைய உண்மையான திறன் வெளிப்பட்டது தேசிய அணியில்தான்: 2013 நவம்பரில் அமெரிக்காவை பின்லாந்து 3-1 என வென்றபோது அவர் 58 ஷாட்டுகளைத் தடுத்தார்.

இரண்டாவது களம், பின்லாந்து ஆண்களின் இரண்டாம் நிலை லீகான மெஸ்டிஸ். அங்கே கியெக்கோ-வான்டா அணிக்காக அவர் 2014-15 பருவத்தில் களமிறங்கினார். இங்கே உடற்கூறை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. கோல் வலை 6 அடி அகலமும் 4 அடி உயரமும் கொண்டது. ஆண்கள் லீக் கோல்கீப்பர்கள் பெரும்பாலும் ஆறடியைத் தாண்டியவர்கள் என்பதால், முழங்காலிட்டுக் கால்காப்புகளை இருபுறமும் விரித்தாலும் அவர்களின் தோள்கள் வலையின் மேல்மூலைகளை ஓரளவு மறைத்துவிடும். சுமார் 165 சென்டிமீட்டர் உயரமே உள்ள ராட்டி அதேபோல் இறங்கினால் அந்த மூலைகள் திறந்துகிடக்கும். ஆகவே ஷாட் வருவதற்கு முன்பே முன்னேறி நின்று கோணத்தைக் குறைக்க வேண்டும், கடைசிக் கணம்வரை நின்றபடியே காத்திருக்க வேண்டும். ஆண்களின் வேகமான ஷாட்டுகள் இந்த ஒழுங்கை நாள்தோறும் சோதித்தன. பயிற்சிக் களமாக இதை மிஞ்ச முடியாது. ஆயினும் அவருக்கு அங்கே கிடைத்த ஆட்டங்கள் சொற்பம். ஆட்டத்தில் நிற்காத கோல்கீப்பர், எவ்வளவு கடுமையாகப் பயிற்சி செய்தாலும், வளர்ச்சியின் பாதியை இழக்கிறார் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது களம், கனடியப் பெண்கள் லீகில் 2017-18 பருவத்தில் சேர்ந்த சீனாவின் குன்லுன் ரெட் ஸ்டார். தாயகத்திலிருந்து வெகுதூரம், ஓயாத நெடும்பயணம் என்ற சிரமங்கள் இருந்தாலும், ஊதியமும் முதல்நிலைக் கோல்கீப்பர் என்ற இடமும், உலகின் தலைசிறந்த பெண் வீரர்களை எதிர்கொள்ளும் வாய்ப்பும் அங்கே ராட்டிக்கு ஒருசேரக் கிடைத்தன. முதல் பருவத்திலேயே அணி, லீகின் சாம்பியனுக்கு வழங்கப்படும் கிளார்க்சன் கோப்பையின் இறுதிக்குச் சென்று, கூடுதல் நேரத்தில் 1-2 என மார்க்கம் அணியிடம் தோற்றது. அந்த லீக் 2019இல் மூடப்பட்டது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெண்கள் ஹாக்கியின் நிலையின்மை குறித்து அவர் 2014இல் எழுப்பிய குறை அதனால் பொய்யாகிவிடவில்லை.

இருந்தும் இந்த மூன்றில் நான் முன்வைப்பது மூன்றாவதையே. அந்த லீகின் கடைசிப் பருவத்தை முடித்த கையோடு, 2019 ஏப்ரலில் சொந்த ஊரான எஸ்போவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் அவர் ஆடினார். அரையிறுதியில் 43 ஷாட்டுகளைத் தடுத்து, கனடாவை 4-2 என வீழ்த்த உதவினார். கனடாவும் அமெரிக்காவும் அல்லாத ஓர் அணி இறுதிக்கு வந்தது அதுவே முதல்முறை. இறுதியில் அமெரிக்காவின் 50 ஷாட்டுகளைத் தடுத்தார். கூடுதல் நேரத்தில் பெட்ரா நியெமினன் அடித்த கோல், கோல்கீப்பருக்கு இடையூறு எனக் காணொளி மறுபார்வையில் மறுக்கப்பட்டு, ஷூட்-அவுட்டில் தங்கம் கைநழுவியது. சளைக்காமல் தொடர்ந்து ஐம்பது முறை தடுக்கும் அந்த நிதானம், தகுந்த எதிரணிகளுக்கு முன் ஆட்டத்துக்கு ஆட்டம் நின்றவருக்கே வாய்க்கும்.