850 சிங்கப்பூர் வெள்ளி வாங்கிக்கொண்டு சில்வர் ஸ்பிரே: ஹெட்டர் வேலைக்குக் கார் விடுபவர்கள் கவனிக்கவும்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட் பக்கம் ஒரு வொர்க்‌ஷாப்பில், என் காரின் எக்ஸாஸ்ட் ஹெட்டருக்கு (இன்ஜினிலிருந்து சூடான புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்கள்) செராமிக் கோட்டிங் என்ற சூடு தாங்கும் பூச்சு, அதன் மேல் டைட்டேனியம் ராப் என்ற சூடு தடுக்கும் துணிப்பட்டை என்று சொல்லி 850 வெள்ளி வாங்கினார்கள். இரண்டையுமே செய்யவில்லை. செய்து வைத்த வேலையோ வண்டியைத் தீப்பிடிக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விட்டது. பின் சீட்டில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

வண்டி சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமச் சான்றிதழ்) புதுப்பித்த பழைய செடான். அம்மா மலேசியாவின் ஜொகூர் பாருவில் இருப்பதால் வார இறுதியில் அங்கே போகும் கடற்பால நெரிசலில் நிற்பது எங்களுக்கு வழக்கம். வண்டி ஓடினால் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். நெரிசலில் ஊர்ந்தால் எல்லாம் உள்ளேயே தங்கும். ஹெட்டர் பக்கத்து ரப்பர் ஹோஸ் விறைத்து வெடிப்பு விட்டிருந்தது. ஹெட்டருக்கு மேலே சூட்டைத் தடுக்க இருக்கும் தகரக் கவசத்தின் போல்ட் துருப்பிடித்துக் கடகடவென்று சத்தம் வேறு. அதைச் சரிசெய்யத்தான் போனேன். "பாஸ், இந்தத் தகரம் வெறும் சத்தம்தான், தூக்கிப் போட்டுடலாம். கோட்டிங் அடிச்சு ராப் சுத்திட்டா சூடே இருக்காது" என்றார் அங்கிருந்தவர். காலையில் விட்ட வண்டியை மதியமே கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் புகை. புது ராப் முதல் சில ஓட்டத்தில் புகைவிடும், அது உண்மை. ஆனால் வாரங்கள் கழிந்தும் நிற்கவில்லை. வாட்ஸ்அப்பில் கேட்டபோதெல்லாம் "நார்மல்தான் பாஸ்" என்ற ஒரே பதில். ஒரு ஞாயிறு இரவு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் அடித்தது, கூடவே செக் இன்ஜின் விளக்கும் எரிந்தது.

மறுநாள் எங்கள் வட்டாரத்து மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். பானெட்டைத் திறந்ததும் அவர் முதலில் கைவிளக்கை அடித்தது ஹெட்டரை இன்ஜினோடு பிடித்திருக்கும் நட்டுகள் மேல். "தம்பி, இந்தத் துருவைப் பாரு. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. கழற்றாம எப்படிக் கோட்டிங் பண்ணுவான்?"

ஹெட்டருக்குச் செய்யும் செராமிக் கோட்டிங் என்றால், ஹெட்டரை வெளியே எடுத்து, மணல் வீசித் துருவையெல்லாம் அகற்றி, பூசி, சூளையில் வைத்து இறுக்க வேண்டும். அரை நாளில் வண்டியிலேயே முடிகிற காரியம் இல்லை. ராப்பைக் கொஞ்சம் விலக்கி அண்ணன் நகத்தால் சுரண்டினார், சில்வர் பெயின்ட் செதிலாக உதிர்ந்தது. அடியில் பழைய துரு அப்படியே இருந்தது.

ராப்பும் சாதாரணக் கண்ணாடி இழைத் துணிதான். பொதுவாக அது தொடர்ந்து தாங்குவது 540 டிகிரி செல்சியஸ் வரை. டைட்டேனியம் என்ற பெயரில் விற்கும் எரிமலைப் பாறை இழை ராப் 980 வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். கடுமையாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் வாயுவே 800ஐத் தாண்டும். இதைவிட என்னை உலுக்கியது, ராப்பின் முனைகளைக் கட்டிய விதம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டை போட வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் கேபிள் டை. நைலான் 260 டிகிரியிலேயே உருகிவிடும். உருகி, முனை அவிழ்ந்து தொங்கியது. ஆக்சிஜன் சென்சாரின் (புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் கருவி) வயரையும் சேர்த்தே சுற்றியிருந்தார்கள். உறை கருகிச் செம்புக் கம்பி வெளியே தெரிந்தது. மேலே வால்வ் கவர் கேஸ்கெட்டிலிருந்து (இன்ஜின் மேல்மூடியில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் பட்டை) கசிந்த எண்ணெய் அந்தத் துணியில் ஊறி, விளக்குத் திரி மாதிரி இருந்தது. பக்கத்திலேயே அறுந்துபோகும் நிலையில் அந்த வயர்.

அண்ணன் அத்தனையையும் உரித்துப் போட்டுவிட்டு கேஸ்கெட், சென்சார், ஹோஸ் எல்லாம் மாற்றினார். புதிதாக ஒரிஜினல் கவசத்தையும் பூட்டினார். வேண்டாத தகரம் என்று அவர்கள் தூக்கிப் போட்டது இதைத்தான். கவசத்துக்கும் ஹெட்டருக்கும் நடுவே விடும் காற்று இடைவெளிதான் பக்கத்தில் இருக்கும் வயரையும் ஹோஸையும் காப்பாற்றுகிறது. தினமும் ஓட்டுகிற வண்டிக்கு அது போதும் என்பது அவர் கருத்து, எனக்கும் இப்போது அதில் சந்தேகம் இல்லை. ராப் சூட்டைக் குழாய்க்குள்ளேயே அடைத்து வைக்கும், நம் ஊர் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய இரும்பு ஹெட்டர் அதனால் சீக்கிரம் அரிக்கும்.

எப்படியும் கோட்டிங் வேண்டும் என்றால், கழற்றிய ஹெட்டரைத் தரையில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ராப்பின் பிராண்டையும் வெப்ப அளவையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகம் எதையும் அவர்களிடம் விட்டுவிட்டு வராதீர்கள். என் ரசீதில் "செராமிக் கோட்டிங்" என்று தெளிவாக எழுதியிருப்பதுதான் இப்போது எனக்குப் பெரிய பலம்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே தீரவில்லை என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே எடுத்துக்கொள்வார்கள், வக்கீல் தேவையில்லை, 5,000 வெள்ளிக்கு உட்பட்ட பயனீட்டாளர் கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

உங்கள் வண்டியிலும் இப்படி ராப் சுற்றியிருந்தால், இன்ஜின் நன்றாக ஆறியபின் கையுறை போட்டுக்கொண்டு முனைகளைப் பாருங்கள். பிளாஸ்டிக் டை இருந்தாலோ, துணியில் எண்ணெய்க் கறை தெரிந்தாலோ, அதைச் சரிசெய்யும்வரை அந்த வண்டியைக் கடற்பாலத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.