மணல் லோடா, தண்ணீர் டேங்கரா? பெர்மியனில் லாரி ஓட்டுபவருக்கு எது கட்டுப்படியாகும்

மேற்கு டெக்சஸின் பெர்மியன் எண்ணெய் வயலில் சிடிஎல் எனும் கனரக லாரி ஓட்டும் உரிமம் வைத்திருப்பவருக்கு முதலில் அகப்படும் வேலைகள் இரண்டு. ஒன்று, ஃப்ராக் மணலை, அதாவது பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கக் கிணற்றுக்குள் பம்ப் செய்யும் மணலை, கெர்மிட், மோனஹன்ஸ் பக்கத்துக் குவாரிகளிலிருந்து எண்ணெய்க் கிணற்றடிக்குக் கொண்டுபோவது. இன்னொன்று, எண்ணெயோடு மேலே வரும் உப்புத் தண்ணீரை உறிஞ்சி எடுத்து, அதைத் திரும்ப மண்ணுக்கடியில் செலுத்தும் டிஸ்போசல் கிணற்றில் இறக்குவது. நான் தேர்ந்தெடுத்தது தண்ணீர் வண்டி. விளம்பரத்தில் பெரிய தொகை மணலுக்குத்தான் இருக்கும். அப்படியிருந்தும் தண்ணீர் பக்கம் சாய்வதற்குக் காரணம், காத்திருக்கும் நேரத்துக்கு யார் காசு தருகிறார்கள் என்ற கேள்விதான்.

வெயில், தூசி, மேன் கேம்ப் எனும் தொழிலாளர் முகாம் வாழ்க்கை, பீகோஸுக்கும் கார்ல்ஸ்பாடுக்கும் நடுவே 285-ஆம் நெடுஞ்சாலையின் ஆபத்து எல்லாம் இரண்டுக்கும் பொது.

மணலில் சம்பளம் பெரும்பாலும் லோடு கணக்கு. கைக்கு லோடுக்கு 200 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 12 மணி நேரத்தில் மூன்று லோடு இறக்கினால் 600. அது நல்ல காசு. ஆனால் மூன்று லோடு இறங்குவது ஓட்டுநர் கையில் இல்லை. கிணற்றில் மணல் அடைத்துக்கொண்டால் பம்ப் நிற்கும். ஒரு கட்டம் பிளந்து முடிந்து, அடுத்த கட்டத்துக்காகக் கருவிகளைக் கம்பியில் இறக்கும் வயர்லைன் வேலை நடக்கும்போது மணல் தேவைப்படாது. கிணற்றடியில் மணல் சேர்த்துவைக்கும் சைலோ நிரம்பியிருந்தால் பத்து வண்டி வரிசையில் நிற்கும். குவாரி வாசலிலும் இதே கதை. அன்றைக்கு ஒரே லோடு என்றால் 12 மணி நேரத்துக்கு 200 டாலர், மணிக்கு 17 டாலர்கூடத் தேறாது.

காத்திருப்புக்கு ஹால்டிங் காசு உண்டே என்பார்கள். உண்டு, ஆனால் அதில் மூன்று ஓட்டை. முதல் ஒன்றிரண்டு மணி நேரம் இலவசம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். வந்த நேரமும் போன நேரமும் டிக்கெட்டிலோ ஆப்பிலோ சரியாகப் பதிவாகாவிட்டால் கோரிக்கை தள்ளுபடி. அதையும் தாண்டி வரும் பணம் முதலில் போவது கம்பெனிக்கு. அதில் ஓட்டுநருக்கு எவ்வளவு என்பது எழுத்தில் இருந்தால்தான் உண்டு.

காசு போவதோடு விஷயம் முடியவில்லை. மாநில எல்லை தாண்டும் வேலைக்கான அமெரிக்க மத்திய அரசு விதியில், வேலை தொடங்கி 14 மணி நேரம் ஆனபின் வண்டி ஓட்டக் கூடாது; அதற்குள் ஓட்டுவது 11 மணி நேரம். கெர்மிட்டில் ஏற்றிப் பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவில் இறக்கினால் இதுதான் கணக்கு. கிணற்றடியில் சும்மா நின்றாலும் அந்தக் கடிகாரம் ஓடும். எண்ணெய் வயலில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காத சலுகை இருக்கிறதே என்று, லோடு ஒதுக்கும் டிஸ்பாட்சர்கள் சிலர் அந்த நேரத்தை 'ஆஃப் டியூட்டி' (வேலையில் இல்லை) என்று பதியச் சொல்வார்கள். பதியாதீர்கள். அந்தச் சலுகை ஃப்ராக் பம்ப், சிமென்ட், வயர்லைன் மாதிரி கிணற்று வேலைக்கென்றே கட்டப்பட்ட வண்டிகளின் பயிற்சி பெற்ற ஓட்டுநர்களுக்கு மட்டும். மணல், தண்ணீர் லாரிகளுக்குக் கிடையாது என்று 2012-லேயே மத்திய போக்குவரத்துத் துறை விளக்கிவிட்டது. இவர்களுக்கு உள்ள சலுகை வேறு: வாரத்துக்கான வேலை மணிக் கணக்கைப் புதிதாகத் தொடங்க 34 மணி நேர ஓய்வுக்குப் பதில் 24 மணி நேரம் போதும்.

தண்ணீர் வண்டியிலும் காத்திருப்பு உண்டு. டிஸ்போசல் கிணற்றில் அழுத்தம் ஏறினாலோ கரண்ட் போனாலோ வரிசை நீளும். ஆனால் இங்கே மணிக் கணக்குச் சம்பளம் அதிகம் புழங்குகிறது, வரிசையில் நிற்பதும் சம்பளத்தில் சேரும். மணிக்கு 26 டாலர், வாரம் 70 மணி நேரம், 40-க்கு மேல் ஒன்றரை மடங்கு என்றால் 2,210 டாலர். ஒன்றரை மடங்கு இல்லையென்றால் 1,820. பெரிய லாரி ஓட்டுநர் பலருக்கு ஓவர்டைம் தர மத்திய சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆகவே வாரத்துக்கு 390 டாலர் வித்தியாசம், சேரும்போது கேட்டு எழுதி வாங்கும் ஒரு வரியில் இருக்கிறது.

வேலை நுணுக்கம் தண்ணீரில் கூடுதல்தான். 130 பேரல் டேங்கர் என்றால் 5,460 கேலன். உப்பு ஏறிய தண்ணீர் கேலனுக்கு 9.5 பவுண்டு இருந்தால் சரக்கே 51,870 பவுண்டு. காலி வண்டி 30,000 என்றால் சாலையில் லாரிக்கான 80,000 பவுண்டு எடை வரம்பு தாண்டிவிட்டது. அபராதச் சீட்டு ஓட்டுநர் பெயரில் வரும். 120 பேரலோடு நிறுத்துவது நல்லது. அரைகுறையாக நிரம்பிய டாங்கி வளைவில் அலையடித்து வண்டியைச் சாய்க்கும், அதற்காகவே உரிமத்தில் டேங்கர் அனுமதி தனியாகக் கேட்கிறார்கள்.

ஆபத்தில் மணலை விட தண்ணீர் மோசம், இதை மறைக்கக் கூடாது. டாங்கி மேல்மூடியைத் திறக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடும் எண்ணெய் ஆவியும் முகத்தில் அடிக்கும். 2010 முதல் 2014 வரை அமெரிக்க எண்ணெய் வயல்களில் டாங்கி அளக்கும்போதும் மாதிரி எடுக்கும்போதும் குறைந்தது ஒன்பது தொழிலாளர்கள் இறந்திருக்கிறார்கள். வாயு மானிட்டர் சட்டைக் காலரில் இருக்க வேண்டும், பையில் அல்ல. காற்று முதுகில் படும்படி நின்று, முகத்தை விலக்கி, மூடியை மெதுவாகத் திறக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் சட்டென்று நின்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை, மூக்கு மரத்துவிட்டது. உடனே இறங்கி, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் விலகுங்கள்.

மணலில் சிலிக்கா தூசி நுரையீரலைத் தின்னும். காற்றழுத்தத்தால் மணலை இறக்கும் நியூமேட்டிக் டிரெய்லரில் அழுத்தமானி பூஜ்யம் காட்டும்வரை காற்றை வெளியேற்றாமல் மூடியைத் திறந்தால், அது ஆளையே தூக்கியடிக்கும். பெட்டியில் வரும் மணலுக்கு இந்த அழுத்தத் தொல்லை இல்லை, ஃபோர்க்லிஃப்ட் எடுத்துவிடும்.

கச்சா எண்ணெய் டேங்கர் நான் ஓட்டியதில்லை. அதற்கு டேங்கர் அனுமதியோடு ஹாஸ்மட் எனும் ஆபத்தான சரக்கு அனுமதியும், அதற்கான கைரேகைச் சோதனையும் வேண்டும்.

மணலுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. கெர்மிட்டிலிருந்து நியூ மெக்சிகோவுக்கு 42 மைல் கன்வேயர் பெல்ட் ஓடத் தொடங்கிவிட்டது. ஓட்டுநரில்லா மணல் லாரிகளும் 2025-லிருந்து ஓடுகின்றன. தண்ணீரையும் குழாய் பெருமளவு எடுத்துக்கொண்டது என்பதால் அதுவும் நிரந்தரம் இல்லை.

சொந்த லாரி, கடன் இல்லை, டிஸ்பாட்சரோடு நல்ல பழக்கம் என்றால் மணல் லாபம்தான். அடுத்தவர் லாரியை 1099 கணக்கில், அதாவது சம்பளக்காரராக இல்லாமல் தனி ஒப்பந்தக்காரராக, ஓட்டச் சொன்னால் மட்டும் யோசியுங்கள். சம்பளக்காரருக்கு 7.65 சதவீதம் பிடிக்கிற இடத்தில் இங்கே 15.3 சதவீதம் சுயதொழில் வரி. விபத்துக் காப்பீடும் சிக்கல்: தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுக்காமல் இருக்க டெக்சஸ் தனியார் கம்பெனிகளை அனுமதிக்கிறது. மணலோ தண்ணீரோ, கையெழுத்துப் போடுமுன் அந்தக் காப்பீட்டுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.