வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு லீவு: பட்டாளத்துக்காரங்க 14 பேர் ஏமாந்த கதை

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் பக்கத்து எக்ஸ்-சர்வீஸ்மேன் அண்ணாச்சிமாருக்குத்தான் இந்தப் பதிவு. "முன்னாள் படைவீரர் ஸ்பெஷல் டூர்"னு ஒரு நோட்டீஸ் மறுபடியும் டீக்கடைகள்ல சுத்துது. போன தடவை டெல்லி, ஆக்ரான்னு கூட்டிட்டுப் போன 14 பேர்ல நானும் ஒருத்தன். தலைக்கு 18,500 ரூபா.

முதல்ல என் தப்பைச் சொல்லிருதேன். ஆர்மியில நான் 17 வருசம் கிளார்க். லீவு ரிஜிஸ்டர் எழுதியே கை தேஞ்சவன். அப்பேர்ப்பட்டவன், டூர் பேப்பர்ல தேதி மட்டும்தான் இருக்கு, கிழமை இல்லைங்கிறதைக் கவனிக்கல. "நானும் பட்டாளத்துக்காரன் மகன்தான் சார்"னு டூர்க்காரன் ஒரு சல்யூட் அடிச்சான். அதுக்கே மொத்தமா விழுந்துட்டோம். (அந்த சல்யூட் இருந்த லட்சணத்துக்கே சந்தேகப்பட்டிருக்கணும்.)

வெள்ளிக்கிழமை ராத்திரி திருநெல்வேலி ஜங்ஷன்ல திருக்குறள் எக்ஸ்பிரஸ். வண்டிக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே பிளாட்பாரத்துல ஃபால்-இன் ஆயிட்டோம். சுபேதாரா ரிட்டயர் ஆன ஒரு அண்ணாச்சி ரோல்கால் எடுத்தாரு. டூர்க்காரன் மட்டும் ஆப்சென்ட்; வண்டி கிளம்ப அஞ்சு நிமிசம் இருக்கையில ஓடி வந்தான்.

திங்கக்கிழமை காலையில டெல்லி செங்கோட்டை. லாகூர் கேட் முன்னால போய் நின்னா பூட்டிக் கிடக்கு. அங்க வாராவாரம் திங்கக்கிழமை லீவாம். "வெளிய இருந்து பாக்கதுதான் சார் அழகு"ன்னான். சுபேதார் அண்ணாச்சிக்கு வந்துச்சே கோவம். "ஏல, செங்கோட்டையை வெளிய இருந்து பாக்கணும்னா அம்பையில பாசஞ்சர் ஏறி நம்ம தென்காசிப் பக்கத்துச் செங்கோட்டைக்கே போயிருப்பேன்லா! அங்க திருவிதாங்கூர் ராசா காலத்து ஆர்ச் இருக்கு. அதுக்கு லீவே கிடையாது."

செவ்வாய்க்கிழமை இந்தியா கேட் பக்கத்துல தேசிய போர் நினைவுச்சின்னம். பஸ்ஸுலயே நுழைவுக் கட்டணம்னு தலைக்கு 150 ரூபா வாங்கிட்டான். அங்க போனா டிக்கெட் கவுண்டரே இல்ல. 2019-ல திறந்ததுல இருந்தே இலவசம். உள்ள தியாகச் சக்கரம்னு ஒரு வட்டம். நாட்டுக்காக உயிர் விட்டவங்க பேரை ஒவ்வொரு கருங்கல்லா வெட்டி வச்சிருக்காங்க. சுபேதார் அண்ணாச்சி 1987-ல அமைதிப்படையோட யாழ்ப்பாணத்துல இருந்தவரு. ஒரு மணி நேரமா கல்லு கல்லாத் தேடி, கூட இருந்த பையன் பேரைக் கண்டுபிடிச்சாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு, மறுபடி மாட்டுனாரு, மறுபடி துடைச்சாரு. எங்கள்ல ஒருத்தர்கூட வாயைத் திறக்கல. அந்தப் பேருக்கு முன்னால போய் நிக்க 150 ரூபா வாங்கியிருக்கான் பாருங்க, அதைத்தான் இன்னும் என்னால தாங்க முடியல. கேட்டதுக்கு "மெயின்டனன்ஸ் சார்"ங்கான்.

சாப்பாடு? நம்ம ஊர்ச் சொதின்னு நோட்டீஸ்ல போட்டிருந்துச்சு. வந்தது தண்ணி. அம்புட்டுதான். அடுத்த ரெண்டு நாள் ஜமுக்காளக் கடை, சால்வைக் கடைன்னு கமிஷன் சுத்து.

வெள்ளிக்கிழமை ஆக்ரா. எங்க கூட்டத்துல பாரா ரெஜிமெண்ட்ல இருந்த ஒரு மாமா உண்டு. ஆக்ராவுலதான் பாராசூட் டிரெய்னிங். அஞ்சு ஜம்ப் முடிச்சு, பாராசூட் வீரர்னு சட்டையில குத்துற விங்ஸ் பேட்ஜ் வாங்கினவரு. "மேல இருந்து தாஜ்மகால் தெரியுமாம்லா, எப்படி இருந்துச்சு?"ன்னு ஊர்ல யாரு கேட்டாலும் ஒரே பதில்தான்: "அஞ்சு தடவையும் கண்ணை மூடிக்கிட்டுல குதிச்சேன்." இந்தத் தடவை கண்ணைத் திறந்து பாத்துரணும்னு கேட்ராக்ட் ஆபரேசன்கூட முடிச்சுட்டு வந்திருந்தாரு.

தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை லீவு. உள்ள இருக்க பள்ளிவாசல்ல தொழ வாற உள்ளூர்க்காரங்களுக்கு மட்டும் மத்தியானம் திறப்பாங்க. சுபேதார் அண்ணாச்சி கேட்ல காவலுக்கு நின்ன சிஐஎஸ்எஃப் பையன்கிட்ட தன் ரேங்கைச் சொன்னாரு. அவன் விறைப்பா ஒரு சல்யூட் அடிச்சான், உண்மையான சல்யூட். அடிச்சுட்டு, "பந்த் ஹை, சாப்" (பூட்டியிருக்கு சார்)னுட்டான்.

கடைசியில யமுனைக்கு அக்கரையில இருக்க மெஹ்தாப் பாக் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனான், "ஸ்பெஷல் வியூ"ன்னு தலைக்கு இன்னொரு 200 வாங்கிக்கிட்டு. பாரா மாமா ஆத்தங்கரைக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. "ஏரோப்ளேன்ல இதைவிட கிட்டத்துல இருந்திருக்கும் வே"ன்னாரு.

திரும்பி வாற ரயில்ல உக்காந்து கணக்குப் போட்டேன். தாஜ்மகால் டிக்கெட் 50 ரூபா, சமாதிக்குள்ள போக இன்னொரு 200. தலைக்கு 250, 14 பேருக்கு 3,500. எல்லா டிக்கெட்டும் டூர் பணத்துல சேர்த்தின்னுதான் சொல்லியிருந்தான். பூட்டின கேட்டுக்கு டிக்கெட் எதுக்கு? செங்கோட்டையும் அதே கணக்குதான். ஆக, அவன் கிழமையை மறந்துட்டுப் போகல வே, பாத்துப் பாத்துத்தான் போட்டிருக்கான்.

ஊருக்கு வந்து சண்டை போட்டதுல தலைக்கு 500 தந்தான். மிச்சத்துக்கு நுகர்வோர் ஆணையத்துல மனு கொடுக்கப் போறோம். 5 லட்சத்துக்கு உள்பட்ட கேசுக்குக் கட்டணம் கிடையாது. ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். 1915-க்கு போன் அடிச்சும் கேக்கலாம். எங்களுக்கு இடிக்கது ரசீது. துண்டுச் சீட்டுல "பெற்றுக்கொண்டேன்"னு எழுதிக் கொடுத்திருக்கான். எதுக்குன்னு இல்ல, ஜிஎஸ்டி நம்பர் இல்ல. நீங்க யார்கூடப் போனாலும் எந்த இடம், எந்தத் தேதி, என்ன கிழமை, டிக்கெட் சேர்த்தியான்னு எழுதி வாங்கிட்டு அட்வான்ஸ் கொடுங்க.

புது நோட்டீஸைப் பாரா மாமாதான் போட்டோ எடுத்து அனுப்பினாரு. இந்தத் தடவை ஹைதராபாத். நாலாவது நாள் சாலார் ஜங் மியூசியம். காலண்டரை எடுத்துப் பாத்தேன், வெள்ளிக்கிழமை. அந்த மியூசியத்துக்கு லீவும் வெள்ளிக்கிழமைதான். மாமாவுக்கு போனைப் போட்டுச் சொன்னா, கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டாரு: "ஏம் வே, கோல்கொண்டா கோட்டைக்காவது எதுத்தாப்புல ஆறு கீறு உண்டுமா?"