வாலெட்டாவில் அரை நாள்: தொல்லியலா, போரா?

மால்டாவின் தலைநகரில் அரை நாள்தான் இருக்கிறது என்றால், ரிபப்ளிக் தெருவின் எந்தப் பக்கம் போவது?

நகரவாசலுக்குப் பக்கத்திலேயே தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். ஒரு காலத்தில் மால்டாவை ஆண்ட செயின்ட் ஜான் மாவீரர் சபையினரின் பழைய விடுதிக் கட்டடம். எகிப்தின் பிரமிடுகளுக்கும் முந்தைய கோயில்களைக் கட்டியவர்களின் கைவண்ணம் இங்கே இருக்கிறது. ஹல் சஃப்லியேனி நிலத்தடி இடுகாட்டில் கிடைத்த ‘உறங்கும் பெண்’ சுமார் 12 சென்டிமீட்டர் நீளம்தான். உள்ளங்கையில் அடங்கிவிடும் களிமண் பொம்மை. ஒருக்களித்து, தலைக்குக் கை கொடுத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண்ணயர்ந்த பாட்டி மாதிரி! அவள் தூங்குகிறாளா, இறந்துவிட்டாளா என்பது இன்னும் தீராத கேள்வி.

தெருவின் மறுமுனை, கடலோரம், செயின்ட் எல்மோ கோட்டை. 1565 முற்றுகையில் ஒட்டோமான் படையைச் சுமார் ஒரு மாதம் தடுத்து நிறுத்தி, ஜூன் 23-இல் வீழ்ந்தது. வாலெட்டா நகரமே அதற்கு அடுத்த ஆண்டுதான் பிறந்தது. உள்ளே போர் அருங்காட்சியகம்: இரண்டாம் உலகப் போரில் தீவைக் காத்த ‘ஃபெய்த்’ என்ற கிளாடியேட்டர் போர் விமானத்தின் உடற்பகுதி, 1942-இல் தீவு மக்கள் அனைவருக்குமாக வழங்கப்பட்ட ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம். சிறுவர்களோடு போனால் யோசிக்கவே வேண்டாம், கோட்டைதான். நிழல் குறைவு, தொப்பி அவசியம்.

தனியாகப் போனால் நான் அந்தக் களிமண் பெண்ணிடம்தான் போவேன்.