கொம்புச்சா புளிக்க எந்த ஐஸ்பெட்டி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மத்தியான வெயிலுக்கு எங்கள் அடுப்படி 33 டிகிரிக்குப் போய்விடும். தகரக் கூரை. அந்தச் சூட்டில் கொம்புச்சா, அதாவது சர்க்கரை போட்டுப் புளிக்க வைக்கும் தேநீர், ஐந்தே நாளில் காடியாகிவிடுகிறது, வாயில் வைத்தால் பல் கூசும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. விடியற்காலை இறக்கிய கள் இனிக்கும், பொழுது சாய்வதற்குள் புளித்துவிடும். கொம்புச்சாவை 24 முதல் 27 டிகிரிக்குள் வைத்தால் புளிப்பு நிதானமாக ஏறும். அதற்காகவே தனியாக ஒரு சின்ன ஐஸ்பெட்டி தேடினேன். இரண்டு வகை வாங்கிப் பார்த்தாயிற்று. மூன்றாவது வகை நண்பர் வீட்டில் இருக்கிறது.

யோசனை தந்தவர் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் மச்சான். அங்கே சொந்தத் தேவைக்கு வீட்டில் பீர் காய்ச்சலாம். ஏல் வகைக்கு 18–20 டிகிரி, லாகருக்கு 10–12 என்று பெட்டியில் வைத்துப் புளிக்க வைக்கிறார். இங்கே 1976-ஆம் ஆண்டு கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிக்க முடியாது, அதனால் நான் தேயிலையோடு நிறுத்திக்கொண்டேன். பெட்டியைப் பொறுத்தவரை பீருக்கும் கொம்புச்சாவுக்கும் ஒரே ஒரு பெரிய வித்தியாசம்தான். அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் வாங்கியது கம்ப்ரசர் இல்லாத பெல்டியர் பெட்டி, கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு வைத்தது. விலை குறைவு, இடம் அடைக்காது, 25 டிகிரிக்கு இறங்கவும் செய்தது. ஆனால் 65 வாட் இராப்பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட் கரண்ட். செம்பனை லாரி போகும் ரோட்டோரம் எங்கள் வீடு, பின்னால் இருக்கும் விசிறியில் தூசி அப்பிக்கொண்டே இருக்கும். ஆறு மாதம்தான் வைத்திருந்தேன், அதனால் எத்தனை வருஷம் உழைக்கும் என்று நான் சொல்வது சரியாகாது. 5 லிட்டர் ஜாடி ஒன்றுதான் என்றால் அதுவே போதும்.

நண்பர் வைத்திருப்பது மேல்மூடி ஃப்ரீசர். திறந்தாலும் குளிர் கீழேயே தங்கும், கரண்டும் மிச்சம். 10 லிட்டர் கண்ணாடி ஜாடியைக் குனிந்து உள்ளே இறக்குவதுதான் பாடு.

நான் இப்போது வைத்திருப்பது ஒற்றைக் கதவு கம்ப்ரசர் பெட்டி. ஈப்போவில் ஒரு பழைய சாமான் கடையில் 180 வெள்ளிக்கு (ரிங்கிட்) எடுத்தேன். இதை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் குளிர் அல்ல, ஈரம்.

சாதாரணமாக 4 டிகிரியில் ஓடும் பெட்டியில் கம்ப்ரசர் அடிக்கடி ஓடும், உள்ளே இருக்கும் ஈரத்தைக் குளிர்த்தகடு பிடித்து வைத்துக்கொள்ளும். அதே பெட்டியை 25 டிகிரியில் நிறுத்தினால் கம்ப்ரசருக்கு வேலையே இருக்காது. ஜாடியிலிருந்து எழும் ஆவியும், கதவைத் திறக்கும்போது நுழையும் நம்ம ஊர்ப் புழுக்கமும் உள்ளேயே கிடக்கும், சுவர் வியர்க்கும். மச்சானுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, பீர் ஜாடியை மூடி வைத்திருப்பார், வாயு வெளியேற மட்டும் வழி இருக்கும். கொம்புச்சா மூச்சு விட வேண்டும், துணிதான் கட்ட முடியும். பெட்டிக்குள் பூஞ்சை வந்தால் ஜாடிக்குள்ளும் வந்துவிடலாம். எனக்கு இரண்டாவது மாதமே வந்தது. முதலில் கதவு ரப்பரின் மடிப்புக்குள் மிளகு தூவியது போல் கறுப்புப் புள்ளிகள். அடுத்த வாரம் ஜாடியில் கொம்புச்சாவின் மேல் மிதக்கும் படலத்தில் இருபது காசு அகலத்துக்குப் பச்சையாக, பஞ்சு மாதிரி. 10 லிட்டரையும் படலத்தோடு சேர்த்துக் கொட்டினேன். மனசு ஆறவே இல்லை.

ஈரம் மூன்று பெட்டியிலும் சேரத்தான் செய்கிறது. ஆனால் ஒற்றைக் கதவுப் பெட்டியில் அதைச் சமாளிக்க முடிகிறது. பின்சுவரில் வடியும் தண்ணீர் அடியில் இருக்கும் துளை வழியாக வெளியே போய், கம்ப்ரசர் மேலுள்ள தட்டில் விழுந்து அந்தச் சூட்டிலேயே காய்ந்துவிடும். துளை அடைத்தால் ஒரு தென்னை ஈர்க்கு போதும். ரப்பர் முழுக்கக் கைக்கு எட்டும், வாரம் ஒரு முறை காடி நனைத்த துணியால் மடிப்பை விரித்துத் துடைக்கிறேன். துணி அலமாரியில் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று மூலையில் இருக்கிறது. நண்பரின் ஃப்ரீசரில் தண்ணீர் அடியில் தேங்கும், எல்லா ஜாடியையும் வெளியே தூக்கினால்தான் துடைக்கலாம். என் பெல்டியர் பெட்டியில் தண்ணீர் வடியத் துளையே இல்லை.

சூட்டை ஒரே அளவில் பிடித்து வைக்கும் வேலை வெளியே மாட்டும் கன்ட்ரோலருடையது, சென்சார் காட்டும் சூட்டைப் பார்த்துப் பெட்டிக்குக் கரண்டை விட்டு நிறுத்தும். பெட்டியின் சொந்தத் திருகைக் கடைசிக் குளிரில் வைத்துவிட்டு, கரண்டைக் கன்ட்ரோலர் வழியாகக் கொடுக்க வேண்டும். எஸ்டிசி-1000 என்ற கன்ட்ரோலர் மலிவு, ஆனால் வயரிங் வேலை உண்டு, வயர்மேனை வைத்துச் செய்யுங்கள். இங்க்பேர்ட் என்ற கன்ட்ரோலர் பிளக்கோடு வருகிறது. “காற்றை அளக்காதே மச்சான், ஜாடியை அள” என்றார் பெர்த்தில் இருப்பவர். சென்சாரை ஜாடி மேல் ஒட்டி, மேலே ஸ்பஞ்சுத் துண்டு வைத்துக் கட்டிய பிறகு கம்ப்ரசர் அடிக்கடி விட்டுவிட்டு ஓடுவது நின்றது. நிறுத்தியதும் மறுபடி ஓட 3 நிமிடமாவது தாமதம் வைத்துவிடுங்கள். சென்சார் வயரைக் கதவு ரப்பர் ஓரமாகவே விடலாம். சுவரில் துளை போடவே கூடாது. கேஸ் குழாய் உள்ளே ஓடலாம், புதிய சின்னப் பெட்டிகள் பலவற்றில் இருக்கும் ஆர்600ஏ தீப்பற்றும் கேஸ்.

கடைக்குப் போகும்போது ஜாடியின் உயரத்துக்கும் அகலத்துக்கும் ஒரு அட்டை வெட்டிக்கொண்டு போங்கள். பின்பக்கம் கீழே கம்ப்ரசர் மேடு இருக்கும், கண்ணளவுக்கு நம்ப முடியாது. ஐஸ் அறை இல்லாத பெட்டி கிடைத்தால் நல்லது. அப்புறம் ஒரு காகிதத்தைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், நான்கு பக்கமும். லேசாக வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். மாற்ற என்னிடம் 90 வெள்ளி கேட்டார்கள், பெட்டி விலையில் பாதி. அப்படிப்பட்ட பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.