யூபி40: திட்டுவதற்கு முன் இரண்டு ஆல்பங்கள்

ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையின் ரசிகர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் யூபி40 பெயரைச் சொல்லிப் பாருங்கள். மூன்று பேர் முகம் சுளிப்பார்கள், நாலாவது ஆள் 'ஓட்டல் லாபியில் போடுற பாட்டுதானே' என்பார். உலகமெங்கும் ஏழு கோடிக்கு மேல் ரெக்கார்டு விற்ற குழுவுக்கு இதுதான் மரியாதை.

நான் கல்யாண ரிசப்ஷன்களில் பேஸ் கிடார் வாசிக்கிறவன். எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கும் தம்பிக்கு ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லி என்றால் உயிர். ஒரு நாள் மேடைக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "அண்ணே, அவங்க அடுத்தவன் பாட்டை வாசிச்சே காசு பார்த்தவங்க. அதைப் போய் ரெகேங்கறீங்க" என்றான். அன்று ராத்திரி நாங்கள் வாசித்த பாட்டுகளில் ஒன்றுகூட எங்களுடையது இல்லை என்பதை அவனுக்கு நினைவுபடுத்த வேண்டியிருந்தது. "அது தொழில்ணே" என்றான். சரி, தொழில்தான். அடுத்தவர் பாட்டை வாசிப்பதில் நல்ல தொழில் எது, மோசமான தொழில் எது என்பதைத்தானே பேச வேண்டும்? அதற்கு இந்தக் குழுவின் இரண்டு ஆல்பங்கள் போதும்: 1980-இல் வந்த 'சைனிங் ஆஃப்', 1983-இல் வந்த 'லேபர் ஆஃப் லவ்'.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1978-இல் சேர்ந்த எட்டுப் பேர். வெள்ளைக்காரர்களும் உண்டு, கரீபியக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. பாடகர் அலி கேம்பெலும் கிடாரிஸ்ட் ராபின் கேம்பெலும் அண்ணன் தம்பி. அப்பா இயன் கேம்பெல் பேர் பெற்ற ஸ்காட்லாந்து நாட்டுப்புறப் பாடகர். குழுவின் பெயரே வேலையில்லாதவர்கள் உதவித்தொகை வாங்கக் காட்டும் அட்டையின் எண்தான். முதல் ஆல்பத்தின் உறையையும் அந்த மஞ்சள் அட்டை மாதிரியே அச்சடித்தார்கள். வாத்தியம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பதினேழு வயதில் ஒரு மதுக்கடைச் சண்டையில் அலியின் முகத்தில் கண்ணாடி கிழித்தது. அதற்குக் கிடைத்த நஷ்டஈட்டில்தான் வாத்தியங்கள் வந்தன. வாத்தியம் வந்த பிறகுதான் பலர் வாசிக்கவே கற்றுக்கொண்டார்கள்.

அப்படிப்பட்டவர்கள் போட்ட முதல் ஆல்பம் 'சைனிங் ஆஃப்'. பாப் லேம்ப் என்பவரின் வீட்டு அறையில், எட்டு டிராக் மெஷினில் பதிவானது. எதிரொலி நன்றாக வருகிறது என்று சாக்ஸபோனைச் சமையலறையில் வைத்து வாசித்தார்கள். தாளக் கருவிகளைத் தோட்டத்தில் வாசித்தார்கள். அங்கே கத்திய பறவைகளும் பதிவில் இருக்கின்றன. லட்ச லட்சமாகக் கொட்டிக் கட்டிய ஸ்டுடியோவில் எடுத்து, உயிரே இல்லாமல் வந்த எத்தனையோ பதிவுகளைக் கேட்ட எரிச்சலில் இருக்கிற எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடிக்கும்.

இதில் 'ஃபுட் ஃபார் தாட்' பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். பிரையன் டிராவர்ஸின் சாக்ஸபோன் அந்தச் சோகமான துண்டை ஆரம்பிக்கும்போதே பஞ்சத்தைப் பற்றிய பாட்டு என்று வயிற்றுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் ஏர்ல் ஃபால்கனரின் பேஸைக் கவனியுங்கள். ரெகேயில் பேஸ் வாசிப்பது சுலபம் என்று எங்கள் ஆட்களே நினைக்கிறார்கள். வாசிக்கிற ஸ்வரங்கள் கம்மிதான். ஆனால் எந்த இடத்தில் வாசிக்காமல் விட வேண்டும் என்பதுதான் அங்கே வேலை. 'ஒன் டிராப்' தாளத்தில் நாலு எண்ணிக்கையில் ஒன்றாவதைக் காலியாக விட்டுவிட்டு, மூன்றாவதில்தான் காலால் அடிக்கும் கிக் டிரம் விழும். கிடார் எண்ணிக்கைக்கு நடுவில் 'சக், சக்' என்று வெட்டும். ஒன்றில் அடித்தே பழகிய கை அந்தக் காலியிடத்தைக் கண்டால் பதறும். ஏர்ல் பதறுவதில்லை. அந்த இடைவெளியை விட்டு, கொஞ்சம் பின்னால் சாய்ந்தபடி நடக்கிறார். டிரம்ஸ் ஜிம்மி பிரவுனும் அவரும் சேர்ந்து நிற்கிற நிலையில், மேலே யார் என்ன வாசித்தாலும் பாட்டு விழாது.

சொல்கிற விஷயத்திலும் குறை வைக்கவில்லை. முதல் பாட்டு 'டைலர்', அமெரிக்காவின் லூசியானாவில் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி தண்டித்த கேரி டைலர் என்ற கறுப்பினச் சிறுவனைப் பற்றியது. 1974-இல் பிடிபட்டவர் 2016-இல்தான் வெளியே வந்தார். 'கிங்' மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றி. 'மேடம் மெடூசா' அன்றைய பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சரைத் திட்டி, பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் ஓடும். 'பர்டன் ஆஃப் ஷேம்' தென்னாப்பிரிக்க நிறவெறியில் பிரிட்டனுக்குள்ள பங்கைப் பற்றியது. தென்னாப்பிரிக்காவில் விற்ற பதிப்பில் இந்தப் பாட்டை ரெக்கார்டு கம்பெனி எடுத்துவிட்டது. குழு அந்தக் கம்பெனியை விட்டு வெளியே வந்து சொந்த லேபிள் ஆரம்பித்தது. லாபியில் போடுகிற ஆட்கள் செய்கிற வேலையா இது? இத்தனையோடும் ஆல்பம் பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது. காசும் கொள்கையும் ஒரே ரெக்கார்டில் சேர்ந்து இருந்த காலம்.

அப்புறம் 'லேபர் ஆஃப் லவ்'. தம்பிக்கு வயிற்றெரிச்சல் இதில்தான் ஆரம்பம். பத்துப் பாட்டு, பத்தும் அடுத்தவர் பாட்டு. எரிக் டொனால்ட்சன் 1971-இல் ஜமைக்காவின் பாட்டுப் போட்டியில் ஜெயித்த 'செர்ரி ஓ பேபி', மெலோடியன்ஸின் 'ஸ்வீட் சென்சேஷன்', ஸ்லிக்கர்ஸின் 'ஜானி டூ பேட்', ஜிம்மி கிளிஃபின் 'மெனி ரிவர்ஸ் டு கிராஸ்' என்று போகும். பர்மிங்ஹாமின் பால்சால் ஹீத் பக்கம் வளர்ந்த பையன்கள் சின்ன வயதில் கேட்டு வளர்ந்த ஜமைக்கா பாட்டுகளை எடுத்து வாசித்திருக்கிறார்கள். நாமெல்லாம் சின்ன வயதில் டீக்கடை ரேடியோவில் கேட்ட பாட்டை மேடையேற்றும்போது கை தானாகக் குழையும், அந்தக் குழைவு இதில் இருக்கிறது.

'ரெட் ரெட் ஒயின்' கதை தெரிந்ததுதான், ஆனால் திரும்பச் சொல்லலாம். எழுதியவர் அமெரிக்கப் பாடகர் நீல் டயமண்ட். 1969-இல் டோனி டிரைப் என்பவர் அதை ரெகேயாக்கினார். யூபி40 ஆட்களுக்குத் தெரிந்தது டோனி டிரைபின் பதிவுதான். எழுதியவர் பெயர் 'டயமண்ட்' என்று ரெக்கார்டில் இருந்ததைப் பார்த்து, யாரோ ஜமைக்காக்காரர் என்று நினைத்துக்கொண்டே பாடியிருக்கிறார்கள்! 1983-இல் பிரிட்டனில் முதலிடம். அமெரிக்காவில் அப்போது சுமாராகத்தான் போனது. 1988-இல் ஃபீனிக்ஸ் நகரத்து வானொலி ஒன்று திரும்ப எடுத்துப் போட, அங்கேயும் முதலிடம். பிற்பாடு நீல் டயமண்டே தன் கச்சேரிகளில் இதை ரெகே பாணியில் பாட ஆரம்பித்தார். பாட்டைப் பெற்றவரே வளர்த்தவர் வழிக்கு வந்துவிட்டார். இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்?

கேட்கிறவர்கள் நீளமான ஆல்பம் பதிவையே கேளுங்கள். பின்பாதியில் குழுவின் இன்னொரு குரலான ஆஸ்ட்ரோ வந்து, தாளத்தின் மேல் பேச்சும் பாட்டுமாக உருட்டி விளையாடுவார். அதை வெட்டிய குட்டிப் பதிவு ரசம் இல்லாத சாப்பாடு.

சரி, 'காப்பி' என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். ஜமைக்கா இசையே அடுத்தவர் பாட்டை எடுத்து வளர்ந்த இசை. இதே ஆல்பத்தில் இருக்கிற 'கீப் ஆன் மூவிங்' பாட்டை மார்லியின் குழுவான வெய்லர்ஸ் பாடினார்கள். அவர்களுக்கு முன்னால் அது அமெரிக்காவின் கர்ட்டிஸ் மேஃபீல்டின் பாட்டு. ஜமைக்காவின் டூட்ஸ் ஹிபர்ட் அமெரிக்கக் கன்ட்ரி பாட்டையே எடுத்துப் பாடியவர். அதே ஊர் கென் பூத் 1974-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாட்டும் ஒரு அமெரிக்க பாப் பாட்டுதான். இன்னொரு ஜமைக்காக்காரர் ஜான் ஹோல்ட் வயலின் கூட்டத்தை வைத்துக்கொண்டு மென்மையாகப் பாடினார். அவரை யாரும் துரோகி என்று சொல்வதில்லை.

தம்பியின் தெய்வத்தையும் தொடத்தான் வேண்டும். மார்லியும் வெய்லர்ஸும் 1973-இல் வெளியிட்ட 'கேட்ச் எ ஃபயர்' ஆல்பத்தை, ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பதிவான நிலையில் ரெக்கார்டு கம்பெனி முதலாளி கிறிஸ் பிளாக்வெல் லண்டனில் எடுத்துக்கொண்டு, அதன் மேல் வெய்ன் பெர்கின்ஸ் என்ற அமெரிக்கரின் ராக் கிடாரை ஏற்றினார். ராக் கேட்கிற வெள்ளைக்காரப் பையன்கள் வாங்க வேண்டும் என்பதற்குத்தான். எனக்கு அந்த கிடார் பிடிக்கும், அது வேறு விஷயம். விற்பதற்காக இனிப்பு தடவும் வேலை பர்மிங்ஹாமில் ஆரம்பிக்கவில்லை என்றுதான் சொல்ல வருகிறேன். இதைச் சொன்னதும் தம்பி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அது வேறண்ணே" என்று மட்டும் சொன்னான். எப்படி வேறு என்று இன்னும் சொல்லவில்லை.

ஆனால் அவன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அதே பர்மிங்ஹாமில், ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வந்த குழு ஸ்டீல் பல்ஸ். 1978-இல் அவர்கள் போட்ட 'ஹேண்ட்ஸ்வொர்த் ரெவல்யூஷன்' பிரிட்டிஷ் ரெகேயின் சிகரங்களில் ஒன்று. பாட்டு எழுதும் திறமையில் யூபி40-ஐ விட ஒரு படி மேல் என்பேன். ஆனால் சார்ட்டில் முதலிடங்களை அள்ளியது வெள்ளைக்காரக் குரல் முன்னால் நின்ற குழுதான். இது தற்செயல் என்று நம்ப நான் தயாரில்லை. அதற்காக அலியின் தொண்டையைக் குற்றம் சொல்ல முடியாது. வாங்கியவர்களையும் வானொலிக்காரர்களையும்தான் கேட்க வேண்டும். இன்னொரு பக்கம், பாட்டு எழுதிய ஜமைக்காக்காரர்களுக்கு இந்தக் குழுவால் பணம் போய்ச் சேர்ந்தது. 'கிங்ஸ்டன் டவுன்' பாட்டின் சொந்தக்காரர் லார்ட் கிரியேட்டர் வறுமையில் கிடந்த காலத்தில், யூபி40 பாடிய பதிவின் ராயல்டிதான் அவரைத் தூக்கிவிட்டது.

ஆல்பத்தில் குறைகள் உண்டு. டிரம்ஸ் ஓசையில் எண்பதுகளின் மின்னணு வாடை தூக்கலாக இருக்கிறது. 'சைனிங் ஆஃப்' கேட்ட காதோடு வந்தால் உறுத்தும். 'ஜானி டூ பேட்' ஒரு ரவுடியைப் பற்றிய பாட்டு. ஸ்லிக்கர்ஸ் பதிவில் உள்ள அச்சுறுத்தல் இதில் காணோம், ஜானி நல்ல பையனாகிவிட்டான். எனக்குப் பெரிய ஏமாற்றம் 'மெனி ரிவர்ஸ் டு கிராஸ்'. பிழைக்க வந்த இங்கிலாந்தில் ஒன்றும் நடக்காமல் தவித்த அனுபவத்தில் ஜிம்மி கிளிஃப் எழுதியது. அவர் குரல் உடைகிற இடத்தில் நமக்கும் ஏதோ உடையும். அலி அழகாகப் பாடுகிறார், சுருதி சுத்தம், ஆனால் ஆற்றில் இறங்காமல் கரையில் நின்றே பாடுகிறார். அந்த மூக்கு கலந்த குரல் காதல் ஏக்கத்துக்குப் பொருந்துகிற அளவுக்குக் கதறலுக்குப் பொருந்தாது.

நான் திட்டுவது இதற்கெல்லாம் பிறகு வந்ததைத்தான். 1986 வரை கூட விறுவிறுப்பு இருந்தது. நிறவெறிக்கு எதிரான 'சிங் அவர் ஓன் சாங்' அந்த வருஷம்தான் வந்தது. அப்புறம் 'லேபர் ஆஃப் லவ்' இரண்டு, மூன்று, நான்கு என்று தொடர் கதையானது. பிரியத்தில் ஒரு தடவை செய்ததைச் சூத்திரமாக்கிவிட்டார்கள். 1993-இல் எல்விஸின் 'கான்ட் ஹெல்ப் ஃபாலிங் இன் லவ்' பாட்டைப் பாடி, அமெரிக்காவில் ஏழு வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தார்கள். அதைக் கேட்டால், வாத்தியங்கள் மட்டும் முன்பே பதிவான மைனஸ் டிராக்குக்கு மேல் பாடிய மாதிரி இருக்கிறது. பேஸ் எங்கே மூச்சு விடுகிறது என்று தேடினேன், கிடைக்கவில்லை. எட்டுப் பேர் இருக்கிற குழுவில் எட்டுப் பேர் வாசிப்பது கேட்க வேண்டாமா? 'மேடம் மெடூசா' எழுதியவர்கள் சொந்தமாகக் கோபப்படுவதைக் குறைத்துக்கொண்டதுதான் நஷ்டம். அடுத்தவர் பாட்டைத் தொட்டது நஷ்டமில்லை.

வாங்குகிறவர்களுக்கு: 'சைனிங் ஆஃப்' கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், ஐந்துக்கு ஐந்து. எல்பியாக வாங்கினால் மூன்று பாட்டுகள் தனியாக ஒரு பன்னிரண்டு அங்குலத் தட்டில் நிமிஷத்துக்கு 45 சுற்று வேகத்தில் இருக்கும் பழைய அமைப்பா என்று பாருங்கள். 'மேடம் மெடூசா' அந்தத் தட்டில்தான் இருக்கிறது. 'லேபர் ஆஃப் லவ்' மூன்றரை. அதைக் கேட்டுவிட்டு அப்படியே டொனால்ட்சன், மெலோடியன்ஸ், கிளிஃப் பதிவுகளையும் தேடிக் கேளுங்கள். அந்த எல்விஸ் பாட்டு இருக்கிற 1993 ஆல்பம் 'பிராமிசஸ் அண்ட் லைஸ்' ஓசியில் கிடைத்தால் போதும்.

கச்சேரிக்கு டிக்கெட் எடுப்பவர்கள் பெயரைக் கவனமாகப் படிக்கவும். அலியும் கீபோர்டு வாசித்த மிக்கி வர்ச்சூவும் 2008-இல் பிரிந்து போய், பிற்பாடு ஆஸ்ட்ரோவும் அவர்களோடு சேர, ஒரே பெயருக்கு இரண்டு குழுவாகி கோர்ட் வரை போனது. பிரையன் டிராவர்ஸும் ஆஸ்ட்ரோவும் 2021-இல் அடுத்தடுத்துக் காலமானார்கள். பாடகர் அலியாக இருக்க வேண்டும் என்றால் சுவரொட்டியில் அவர் பெயர் இருக்கிறதா பாருங்கள். எனக்கு டிக்கெட் எடுக்கிற வாய்ப்பு வந்தால் ராபின், ஏர்ல், ஜிம்மி இருக்கிற பக்கம்தான் போவேன். பேஸும் டிரம்ஸும் அங்கேதான் இருக்கின்றன.