பெயிண்ட் நாமளே அடிக்கலாமா, பெயிண்டரை கூப்பிடலாமா?

கூலியை கேட்டதும் நாமளே அடிச்சுடலாமேன்னு தோணும், தப்பே இல்ல, ஆனா எல்லா சுவருக்கும் அது சரிப்படாது.

செலவு:
நாமளே – கூலி மிச்சம், ஆனா ரோலர், பிரஷ், உப்புத்தாள், ஏணி எல்லாம் புதுசா வாங்கணும்.
பெயிண்டர் – பில்லுல கூலியே பெரிய பங்கு, சாமான் அவங்களே கொண்டு வருவாங்க.

உழைப்பு:
நாமளே – ஒரு ரூமுக்கே 2 நாள் போயிடும்.
பெயிண்டர் – ஆளுங்க சேர்ந்து சீக்கிரம் முடிச்சுடுவாங்க.

எவ்ளோ நாள் நிக்கும்:
இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. சுவரை உள்ளங்கையால தேய்ச்சு பாருங்க, வெள்ளையா மாவு ஒட்டுச்சுன்னா அதை சுரண்டி, பட்டி பார்த்து (புட்டி பூசி சமமாக்கி), பிரைமர் (பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கற அடிப்பூச்சு) அடிக்காம எவ்ளோ நல்ல பெயிண்ட் போட்டாலும் தோல் தோலா உரியும். பழகின கை இந்த வேலையை ஒழுங்கா செய்யும், ஆனா பெயிண்டரா இருந்தாலும் பக்கத்துல நின்னு பார்த்துக்கோங்க, அவசரத்துல பிரைமரை விட்டுடறவங்களும் இருக்காங்க.

நல்லா இருக்கற சுவர், ஒரே ரூம், கலர் மட்டும் மாத்தணும்னா தைரியமா நீங்களே அடிங்க. வெளிச்சுவர், மாடி உயரம், விரிசல்னா பெயிண்டர்தான். ஓதம் இருந்தா முதல்ல தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பார்த்து அடைங்க, அப்புறம் பெயிண்ட்.